கணினியின் வழிப்பட்டியல்



சென்ற ஆண்டு என் பேத்தி கல்லூரி விண்ணப்பத்தைக் கணினி வழியே அனுப்ப அமர்ந்தாள். அன்றே கடைசி நாள். எங்கள் வீட்டில் இணைய இணைப்புகள் இரண்டு: ரூட்டர் பெட்டியிலிருந்து வரும் கம்பி ஒன்று, கைப்பேசி தரும் வைஃபை மற்றொன்று. தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் கம்பித் தொடர்பை அறுத்துவிட்டனர். கைப்பேசியோ செவ்வனே இயங்கிற்று. ஆயினும் விண்ணப்பம் செல்லவில்லை. திறந்த வழி ஒன்றிருக்க, அடைபட்ட வழியையே கணினி பற்றி நின்றது ஏன்?

ஒவ்வொரு கணினியிலும் ரூட்டிங் டேபிள் என்னும் வழிப்பட்டியல் உண்டு. விண்டோஸ் கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து ‘ரூட் பிரிண்ட்’ எனத் தட்டினால் அதனைக் காணலாம். அஞ்சல் பிரிப்பவர் உள்ளூர்க் கடிதங்களைத் தெருவாரியாக அறைகளில் இட்டு, எஞ்சியவற்றை வெளியூர்ப் பையில் போடுகிறார் அல்லவா? கணினி செய்வதும் அதுவே. 192.168.1 எனத் தொடங்கும் முகவரிகள் எங்கள் ரூட்டரைச் சார்ந்தவை. அச்சுப்பொறியும் அவற்றுள் ஒன்று. அவற்றிற்குத் தனி வரி உண்டு. எவ்வரியிலும் அடங்காதவற்றிற்கு 0.0.0.0 என்னும் பொதுவழி.

இணைப்பு இரண்டானால் பொதுவழியும் இரண்டாகும். அப்போது மெட்ரிக் என்னும் எண் குறைந்த வழியே வெல்லும். இணைப்பின் வேகத்தைக் கொண்டு விண்டோஸ் இவ்வெண்ணைத் தானே இடுகிறது. எங்கள் கணினியில் கம்பிக்கு 25, வைஃபைக்கு 50. மேசையிலிருந்து ரூட்டர் வரையுள்ள கம்பி பழுதின்றி இருந்தமையால், தெருவில் நேர்ந்ததைப் பட்டியல் அறியவில்லை. பதிவேட்டில் பெயர் இருப்பதால் பையன் வகுப்பில் இருக்கிறான் என்று நம்பும் ஆசிரியர்களை நான் கண்டதுண்டு.

கம்பியைக் கழற்றினேன். அதற்குரிய வரிகள் மறைந்தன, விண்ணப்பம் சென்றது. ஆனால் அச்சுப்பொறிக்குரிய வழியும் உடன் மறைந்தமையால் படி எடுக்க இயலவில்லை. ஆகவே கம்பியை மீண்டும் செருகி, வைஃபையின் ஐபி அமைப்பில் ‘தானியங்கு மெட்ரிக்’ என்பதன் குறியை நீக்கி, 10 என இட்டேன். இப்போது வெளியுலகச் செய்தி கைப்பேசி வழியே சென்றது. அச்சுப்பொறிக்குரியது தன் தனி வரியைப் பின்பற்றிக் கம்பி வழியே சென்றது. ஐபி நான்காம் பதிப்பிற்கும் ஆறாம் பதிப்பிற்கும் பட்டியல்கள் வேறாதலின், இரண்டும் உள்ள வீட்டில் இரண்டிடத்தும் எண்ணை மாற்றவேண்டும். ரூட்டரும் கைப்பேசியும் ஒரே முகவரி வரிசையைக் கொண்டிருந்தால் இம்முறை குழப்பமே தரும். முதலில் ஒன்றின் வரிசையை மாற்றிக்கொள்க.

தெருக்கம்பி சீரானபின் நீக்கிய குறியை மீண்டும் இட நான் மறந்தேன். கைப்பேசியின் அம்மாத டேட்டா பத்தே நாளில் தீர்ந்துபோயிற்று.