டிராக்குக்கும் டோல்கேட்டுக்கும் ஒரே பிரேக் பேட்

ஓசூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் சுமார் 270 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, வேலூர் வழியாகப் போகவேண்டும். டிராக்கில் ஓட்டி முடித்ததும் நம்மில் பலர் அதே காரில்தான் வீடு திரும்புகிறோம். பேட் வாங்கும்போது இந்தத் திரும்பும் பயணம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. "எது நல்லா கடிக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். எந்தச் சூட்டில் கடிக்கவேண்டும் என்று கேட்டால்தான் பதில் சொல்லமுடியும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஓட்டுநரோடு 1,000 கிலோ எடையுள்ள கார், 140 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70-க்கு இறங்குகிறது. சுமார் 570 கிலோஜூல் வெப்பமாகிறது. அதில் 70 சதவீதம் முன் பிரேக்குக்கு என்று வைத்தால், 4.5 கிலோ எடையுள்ள ஒவ்வொரு முன் டிஸ்க்கும் ஒரே மிதியில் கிட்டத்தட்ட 95 டிகிரி சூடேறும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். இருங்காட்டுக்கோட்டை டிராக் மொத்தமே 3.7 கிலோமீட்டர்தான்.

கம்பெனி பேடில் எல்லாவற்றையும் ஒட்டிப் பிடித்திருப்பது ஃபீனாலிக் ரெசின். சத்தத்தைக் குறைக்க முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயில் செய்த தூளும் பல பேடுகளில் கலந்திருக்கும் (ஆமாம், நம்ம பண்ருட்டி முந்திரிதான்!). 300 டிகிரியைத் தாண்டிப் போகப்போக இவை சிதைந்து வாயு விடும். பெடல் கல் மாதிரி இருக்கும், கார் நிற்காது. லாரிக்காரர்களுக்கு இது புதிதில்லை. தொப்பூர் கணவாயில் கியரைக் குறைத்து இறங்கச் சொல்வதும் பிரேக் இப்படிச் சூடேறக்கூடாது என்பதற்காகத்தான்.

பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் கதை வேறு. அங்கே கொதித்திருப்பது பிரேக் ஆயில். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி தாங்கவேண்டும். ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 டிகிரிதான். அதனால் பேடுக்குக் காசு செலவழிக்கும் முன் ஆயிலை மாத்துங்க என்பேன்.

சில பேடுகளில் 'எஃப்எஃப்', 'ஜிஜி' என்று இரண்டு எழுத்து இருக்கும். முதல் எழுத்து மிதமான சூட்டில் உள்ள உராய்வு, அடுத்தது அதிகச் சூட்டில். எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. ஆனால் அந்தச் சோதனை ஓர் அங்குலச் சதுரத் துண்டை வைத்துச் செய்வது, சுமார் 343 டிகிரியோடு முடிந்துவிடும். 'ஜிஜி' இருக்கே என்று நம்பி டிராக்கில் இறங்குவதில் அர்த்தமில்லை.

அப்போ நேராக ரேஸ் பேடே போட்டுவிடலாமா? அவற்றில் பல, நன்றாகச் சூடேறிய பிறகுதான் முழுசாகப் பிடிக்கும். நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் பிரேக்கே தொடாமல் வந்து, கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் நிற்கும் லாரிக்குப் பின்னால் முதல் மிதி மிதிக்கும்போது டிஸ்க் ஆறிப்போயிருக்கும். அந்த ஒரு மிதிக்காகவே நான் முழு ரேஸ் பேடோடு சாலையில் வரமாட்டேன்.

சாதா டயர் போட்ட 1,000 கிலோ காருக்கு என் தேர்வு, குளிரிலும் பிடித்து 500 டிகிரி வரை தாங்கும் நடுத்தர பேட். அதற்கும் மேலே வேண்டுமென்றால் ரேஸ் பேடை டிக்கியில் எடுத்துப்போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு கலவையும் டிஸ்க்கில் தன் படலத்தைப் பூசும். ஒன்றின் படலத்தின் மேல் இன்னொன்று ஓடினால் அதிர்வு வரலாம், அதனால் தனி டிஸ்க்கும் சேர்த்து வைத்திருப்பது நல்லது.

எந்த பேடானாலும் கடைசி ஒரு சுற்று பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்க. பிட்டுக்கு வந்ததும் பெடலை மிதித்தபடி நிற்கவேண்டாம், ஹேண்ட்பிரேக்கும் வேண்டாம். கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் முட்டுக்கொடுத்தால் போதும்.