ஆறு அந்தர் வண்டி

எங்கள் வீட்டு முற்றத்து வேப்பமர நிழலில் ஒரு பழைய மொறிஸ் மைனர் பிக்கப் நிற்கின்றது. அதற்கு என்னிலும் வயது அதிகம். வழியால் செல்லும் இளைஞர் சிலர் படலையடியில் நின்று பார்ப்பர், "சேர், இதை விற்கிறீங்களோ?" என்று கேட்பாரும் உளர். விற்பதற்கில்லை என்று சொல்லிவிடுதல் எளிது. ஏன் என்று விளக்குவதற்கோ சிறிது அவகாசம் வேண்டும்.

மொறிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே வெளிவந்தது. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். பிரித்தானியக் கார்களுள் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை முதலில் எட்டியது அதுவே. 1953 இல் அதன் பிக்கப் வடிவம் வந்தது. காருக்குத் தனிச் சட்டகம் இல்லை. அதன் உடலே அதன் வலிமை. பிக்கப்புக்கோ பாரம் தாங்கும் பொருட்டுத் தனியான இரும்புச் சட்டகம் அமைத்தனர். எங்களுடையது 1098 கன சென்ரிமீற்றர் இயந்திரம் கொண்டது. ஏற்றத்தக்க பாரம் ஆறு அந்தர்.

அப்பா தோட்டக்காரர். எழுபதுகளில், வெங்காயம் நல்ல விலைபோன ஓர் ஆண்டில், அந்த வண்டியைப் பழையதாகவே வாங்கினார். வாங்கியதும் அவர் செய்த முதல் மாற்றம், பின்தட்டின் இருபுறமும் பலகை அடைப்புகளை உயர்த்தியதுதான். சுன்னாகம் சந்தைக்கு மூட்டைகள் ஏற்ற அவை உதவின. திருவிழாக் காலத்தில் அதே அடைப்புகளுக்கிடையே வாங்கு ஒன்றைப் போட்டு, எங்களை நல்லூருக்கு அழைத்துச் செல்வார்.

1990 ஆம் ஆண்டு ஆனியில் யுத்தம் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. எனக்கு அப்போது வயது பத்து. பெற்றோல் இல்லாவிடின் மண்ணெண்ணெய் என்று எங்கள் மெக்கானிக்குகள் துணிந்தனர். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலிற் பெற்றோல் வைத்து, மெல்லிய குழாய் வழியே காபரேற்றருக்குச் சில துளிகள் விட்டு இயந்திரத்தை எழுப்புவார்கள். சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அச்சூடு குறையாதிருக்க றேடியேற்றரின் முன்னே ஒரு மட்டையைச் செருகினார் அப்பா. அழுத்தம் மிகுந்தால் இயந்திரம் 'டக் டக்' என்று இடிக்கும். அதற்காகச் சிலிண்டர் தலையின் கீழ் ஒரு காஸ்கற்றுக்குப் பதில் இரண்டு வைக்கப்பட்டன. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்தமையால், எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. கரும்புகை கக்கிக்கொண்டாயினும் வண்டி ஓடியது.

1995 ஐப்பசி 30 அன்று வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, அந்த ஆறு அந்தர் வண்டியில் ஏறிய பாரத்தை எவரும் நிறுக்கவில்லை. பாட்டி, அயல்வீட்டுக் குழந்தைகள் எழுவர், அரிசி மூட்டை, தையல் இயந்திரம், எனது பாடப் புத்தகங்கள் யாவும் அதில் இருந்தன. நாவற்குழியை நோக்கிச் சனத்திரள் நடந்த வேகத்திலேயே வண்டியும் நகர்ந்தது. அப்பா கைவைத்து உயர்த்திய அந்தப் பலகைகளைப் பற்றிக்கொண்டுதான் குழந்தைகள் அன்றிரவு உறங்கின.

2002 இல் போர்நிறுத்தம் வந்தது. சித்திரையில் ஏ-9 வீதி திறந்தது. வீதியெங்கும் புதிய மோட்டார் சைக்கிள்கள். பல்கலைக்கழக மாணவனாயிருந்த எனக்கோ எங்கள் வண்டி ஒரு பந்தய வண்டியைப்போலத் தோன்றவேண்டும் என்ற ஆசை பிறந்தது. முன்புறத்து முறுக்குக் கம்பிகளைத் திருப்பியும், பின்புற வில்லுக்கும் அச்சுக்கும் இடையிற் கட்டை வைத்தும் வண்டியைத் தாழ்த்தினேன். அகன்ற சில்லுகள் பூட்டினேன். சைலன்சரை மாற்றி முழங்கச் செய்தேன். பச்சை நிறம் சிவப்பாயிற்று. நடுவே இரண்டு வெள்ளைக் கோடுகள். பலகை அடைப்புகளைக் கழற்றிக் கொல்லையில் எறிந்தேன்.

அப்பா சுற்றிவந்து பார்த்தார். "வடிவாத்தான் இருக்குது, தம்பி. வெங்காயத்தை எங்க ஏத்திறது?" என்று மட்டும் கேட்டார். நான் சிரித்துவிட்டேன்.

அவ்வாண்டு மாரியில் ஒருநாள் நள்ளிரவு அம்மாவுக்கு இழுப்புக் கடுமையாயிற்று. ஒழுங்கையில் முழங்கால் வெள்ளம். அப்பா ஓட்டிய நாட்களில் அதே வெள்ளத்தை அந்த வண்டி எத்தனையோ முறை கடந்ததுண்டு. நான் தாழ்த்திய வண்டியோ பாதி வழியில் நீர் தெறித்து நின்றது. என் தோளிற் சாய்ந்து அம்மா மூச்சுக்குத் தவித்தார். அயலவர் ஒருவர் தமது லான்ட்மாஸ்ரரைக் கொண்டுவரும்வரை கழிந்த முக்கால் மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அம்மா பிழைத்தார்.

ஆசுப்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள், அப்பா பழைய பலகைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் எறிந்த அன்றே எடுத்து, எண்ணெய் பூசிப் பரணில் வைத்திருந்தாராம். ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை. இருவருமாக வண்டியை மீண்டும் உயர்த்தினோம். சிவப்பைச் சுரண்டிவிடவா என்று கேட்டேன். "நிறம் இருக்கட்டும், தம்பி. உனக்கெண்டும் ஏதாவது இருக்கவேணுமே" என்றார்.

இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் வண்டிகளைச் செப்பனிடும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், பழைய வண்டியைப் பேணுவதே புதியது வாங்குவதிலும் சிக்கனமானது என்று 1982 இல் ஒரு நூலே எழுதினார். பின்னர் அவ்வண்டிகளுக்கான உலோகத் தகடுகள் நமது இலங்கையிலே செய்யப்பட்டு இங்கிலாந்துக்குச் சென்றன. வண்டியைப் பெற்ற நாட்டுக்கே உறுப்புகளை அனுப்பும் அளவுக்கு நம்மவர் கைத்திறன் பெற்றிருந்தனர் என்பதை மாணவர்களுக்குச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி.

அப்பா இன்று இல்லை. 2022 இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்களில், அவர் துளிவிடும் போத்தலைக் கொழுவிய கொக்கியை என் மகனுக்குக் காட்டினேன். வியந்து தொட்டுப் பார்த்தான். இப்போது அவனுக்குப் பதினாறு வயது. சில்லுகளுக்குக் கறுப்பு வர்ணம் பூசவேண்டும், விளக்குகளை மாற்றவேண்டும் என்கின்றான். நான் மறுக்கவில்லை.

"முதலில் ஆறு அந்தர் வெங்காயம் ஏற்றிச் சந்தைக்கு ஒருமுறை போய்வா. பிறகு நிறத்தைப் பற்றிக் கதைப்போம்" என்றிருக்கின்றேன்.