வண்டிக்கு எத்தனை குதிரை?

டெல்லியின் தென்பகுதியில் இருக்கிறது கிட்வாய் நகர். ஒரு பக்கம் ஐ.என்.ஏ. மார்க்கெட். இன்னொரு பக்கம் சவுத் எக்ஸ்டென்ஷன். பக்கத்தில் ரிங் ரோடு. அதில் இரவும் பகலும் வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும்.

இங்கே ஒரு டாக்சி ஓட்டுநர் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். சொந்த ஊர் சேலம் பக்கம். அவருடைய வண்டி வேகன் ஆர். காஸில் ஓடுகிற வண்டி. கடனில் வாங்கியது.

கொஞ்ச நாளாக வண்டி சரியாக இழுக்கவில்லை. நாலு பேர் ஏறி, ஏ.சி.யும் போட்டால் மேம்பாலத்தில் மூச்சு வாங்குகிறது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்.

ஒருவர் யோசனை சொல்கிறார். "பதினெட்டாயிரம் கொடுங்க. ஏர் ஃபில்டர், சைலன்சர் ரெண்டையும் மாத்திடறேன். கம்ப்யூட்டரிலும் செட்டிங் மாத்தித் தர்றேன். பத்துக் குதிரைத்திறன் கூடும்."

வீட்டில் பதினெட்டாயிரம் ரூபாய் இருக்கிறது. மகளின் பள்ளிக் கட்டணத்துக்காகச் சேர்த்த பணம் அது. அதை எடுத்துக் கொடுக்கலாமா? கணக்குப் பார்ப்போம்.

குதிரைத்திறன் என்றால் என்ன?

இரு நூறு ஆண்டுகளுக்கு முன் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் குதிரைகள்தான் வேலை செய்தன. அப்போது நீராவி எஞ்சின் வந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வாட் நல்ல நீராவி எஞ்சின்களைச் செய்தார். "உங்கள் எஞ்சின் எத்தனை குதிரைக்குச் சமம்?" என்பதுதான் வாங்குகிறவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்காக வாட் ஓர் அளவை வகுத்தார். அதுவே குதிரைத்திறன்.

இன்று கார்களுக்குச் சொல்லும் குதிரைத்திறனை இப்படிப் புரிந்துகொள்ளலாம். ஐந்து குடம் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். குடத்துக்கு 15 கிலோ என்றால் மொத்தம் 75 கிலோ. இந்த 75 கிலோவை ஒரே நொடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்க வேண்டும். அதற்கு வேண்டிய திறன்தான் ஒரு குதிரைத்திறன்.

நம் ஓட்டுநரின் வண்டியில் 998 சி.சி. எஞ்சின் இருக்கிறது. 2022இல் வந்த மாதிரி அது. பெட்ரோலில் ஓடினால் 67 குதிரைத்திறன். காஸில் ஓடினால் 57 குதிரைத்திறன். இவை வண்டி செய்த கம்பெனியே சொல்லும் கணக்கு.

ஒரே எஞ்சின்தான். ஆனாலும் பத்துக் குதிரை குறைகிறது. ஏன்?

எஞ்சினுக்குள் எரிபொருள் மட்டும் போவதில்லை. காற்றும் போகிறது. இரண்டும் கலந்து எரிந்தால்தான் சக்தி வரும். பெட்ரோல் சிறு துளிகளாகப் போகிறது. அது கொஞ்ச இடத்தையே அடைக்கும். காஸ் அதிக இடத்தை அடைக்கும். அதனால் உள்ளே போகும் காற்று குறைகிறது. காற்று குறைந்தால் சக்தியும் குறைகிறது.

இதில் நஷ்டம் மட்டும் இல்லை. காஸில் ஓடினால் செலவு குறைவு. புகையும் குறைவு. பேருந்துகள் காஸில் ஓட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998இல் உத்தரவிட்டது. அதன் பிறகே டெல்லியில் காஸ் வண்டிகள் பெருகின. ஆக, 57 என்பது கோளாறு அல்ல. இந்த வண்டியின் இயல்பே அதுதான்.

எதை மாற்றினால் எவ்வளவு கூடும்?

சந்தையில் பல சாமான்கள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏர் ஃபில்டர்: விலை கூடிய ஃபில்டர் காற்றை எளிதாக விடும் என்பார்கள். ஆனால் சுத்தமாக இருந்தால் கம்பெனி ஃபில்டரே போதுமான காற்றை விடும். கூடுவது ஒன்றோ இரண்டோ குதிரை. ஒன்றுமே கூடாமலும் போகலாம்.

சைலன்சர்: புகை எளிதாக வெளியேறினால் கொஞ்சம் திறன் கூடும். ஆனால் அது எஞ்சின் மிக வேகமாகச் சுழலும்போதுதான் தெரியும். இந்த வண்டி தன் 57 குதிரையையும் காட்டுவது நிமிடத்துக்கு 5,300 சுற்றில். நெரிசலில் போகும் டாக்சி அந்த வேகத்தில் சுழல்வது அரிது. மெதுவாகப் போகும்போது இழுவை முன்பைவிடக் குறையவும் கூடும். சத்தம் மட்டும் நிச்சயம் கூடும்.

கம்ப்யூட்டர் செட்டிங்: இன்றைய வண்டிகளில் எரிபொருளின் அளவையும் தீப்பொறி விழும் நேரத்தையும் ஒரு சிறு கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அதன் கணக்கை மாற்றுவதை டியூனிங் என்கிறார்கள். டர்போ உள்ள எஞ்சினில் இது நன்றாக வேலை செய்யும். நூற்றுக்கு 15 முதல் 25 வரை கூட்டலாம். டர்போ இல்லாத எஞ்சினில் நூற்றுக்கு ஐந்து கூட்டுவதே கடினம். 57இல் நூற்றுக்கு ஐந்து என்றால் மூன்று குதிரைகூட இல்லை.

டர்போ: இது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் விசிறி. நிறையக் காற்று போவதால் நிறையத் திறன் வரும். 2023இல் வந்த ஃபிராங்ஸ் காரில் ஒரு டர்போ எஞ்சின் உண்டு. அதுவும் 998 சி.சி.தான். ஆனால் 100 குதிரைத்திறன் தருகிறது. அப்படியானால் வேகன் ஆரில் டர்போ மாட்டிவிடலாமா? கூடாது. டர்போ எஞ்சினின் உள் பாகங்கள் அந்த அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. சாதாரண எஞ்சின் தாங்காது.

பழைய உதாரணம் ஒன்றும் உண்டு. மாருதி 800 காரை நம்மில் பலர் பார்த்திருப்போம். 1983இல் வந்தது. 796 சி.சி. எஞ்சின். சுமார் 37 குதிரைத்திறன். 2000இல் ஒரு புது வகை வந்தது. சி.சி. மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கு வால்வுகள் வைத்தார்கள். கார்புரேட்டரை எடுத்துவிட்டு எரிபொருளைப் பீச்சும் முறையைக் கொண்டு வந்தார்கள். திறன் சுமார் 45 ஆனது.

எத்தனை கூடியது? எட்டு. எஞ்சினின் தலைப்பகுதியையே மாற்றி, பெரிய தொழிற்சாலையில் பொறியாளர்கள் வேலை செய்தும் கூடியது எட்டுக் குதிரைதான். அப்படியிருக்க, ஒரு ஃபில்டரும் ஒரு சைலன்சரும் பத்துக் குதிரையைக் கொண்டுவருமா?

எங்கே அளந்தார்கள்?

ஓட்டுநரின் மனைவி ஒரு கேள்வி கேட்கிறார். "ஏங்க, பத்து கூடும்னு சொன்னாரே, அதை எங்க அளந்தாராம்?"

சரியான கேள்வி. குதிரைத்திறனைக் காதால் அளக்க முடியாது. சத்தம் கூடினால் வேகம் கூடியது போலத் தோன்றும். அது மனம் செய்யும் ஏமாற்று.

அளக்க டைனமோமீட்டர் என்ற இயந்திரம் உண்டு. அதில் உருளைகள் இருக்கும். வண்டியின் சக்கரங்களை உருளைமேல் நிறுத்தி ஓட்டுவார்கள். உருளையை எவ்வளவு பலமாகச் சுற்றுகிறது என்று பார்த்துக் கணக்கிடுவார்கள்.

இந்தக் கணக்கிலும் கவனம் வேண்டும். கம்பெனி சொல்லும் 57 என்பது எஞ்சினில் அளந்தது. கியர் முதலியவற்றைக் கடந்து சக்கரத்துக்கு வரும்போது நூற்றுக்குப் பத்து, பதினைந்து குறைந்துவிடும். ஆகவே சக்கரத்தில் அளந்ததைச் சக்கரத்தில் அளந்ததோடுதான் ஒப்பிட வேண்டும்.

வெயிலும் கணக்கை மாற்றும். டெல்லியில் ஜூன் மாதம் 45 டிகிரி வெயில் அடிக்கும். ஜனவரியில் 15 டிகிரிக்கும் கீழே போகும். சூடான காற்று லேசானது. 15 டிகிரிக் காற்றைவிட 45 டிகிரிக் காற்றின் அடர்த்தி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஜூனில் ஒரு முறை அளந்து, எதையுமே மாற்றாமல் ஜனவரியில் மறுபடி அளந்தால் என்ன ஆகும்? வெப்பத்துக்குத் திருத்தம் செய்யாவிட்டால், திறன் கூடியதாகவே தெரியும். ஆகவே முன்னும் பின்னும் ஒரே இயந்திரத்தில், ஒரே நாளில் அளக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றுவது பற்றியது. கம்பெனி செய்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சட்டமும் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாமல் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு. ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம்.

சைலன்சரோடு சேர்த்துப் புகையைச் சுத்தம் செய்யும் பாகத்தையும் சிலர் கழற்றிவிடுகிறார்கள். அந்தப் புகையை மூச்சில் இழுப்பது நம் பிள்ளைகள்தான்.

குதிரை ஓடிப் போயிருக்கிறதா?

இப்போது ஓட்டுநரின் வண்டிக்கு வருவோம். முன்பு மேம்பாலம் ஏறிய வண்டி இப்போது ஏன் திணறுகிறது? புதுக் குதிரை தேவை என்பதால் அல்ல. இருந்த குதிரை காணாமல் போயிருக்கிறது.

வேகன் ஆரின் இந்த எஞ்சினில் மூன்று சிலிண்டர்கள். ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் பிளக் சரியாக அடிக்கவில்லை என்றால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 57இல் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு? 19. ஒரு பிளக் கெட்டால் 19 குதிரை நஷ்டம்!

அழுக்கடைந்த ஏர் ஃபில்டரும் திறனைத் தின்னும். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் இதைச் சோதித்தது. அடைத்துப்போன ஃபில்டரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டார்கள். வண்டி வேகம் எடுப்பது நூற்றுக்கு 6 முதல் 11 வரை மேம்பட்டது. விலை உயர்ந்த ஃபில்டர் தேவைப்படவில்லை. சுத்தமான ஃபில்டரே போதுமாக இருந்தது.

வேறு காரணங்களும் உண்டு. டயரில் காற்று குறைந்தால் வண்டி கனக்கும். பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தால் சக்கரம் தடைபடும். கிளச் தேய்ந்தால் எஞ்சின் சுற்றும், வண்டி நகராது. ஏ.சி.யும் சில குதிரையை எடுத்துக்கொள்ளும்.

ஆகவே ஓட்டுநர் முதலில் செய்ய வேண்டியது சர்வீஸ். பிளக், ஃபில்டர், டயர், பிரேக், கிளச் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்ல வேண்டும். பிளக்கும் ஃபில்டரும் மாற்றப் பதினெட்டாயிரம் ஆகாது. அதில் ஒரு சிறு பகுதியே போதும். இழந்த குதிரைகள் திரும்பி வரும். மகளின் பள்ளிக் கட்டணமும் வீட்டிலேயே இருக்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

யாராவது "திறனைக் கூட்டித் தருகிறேன்" என்றால் இவற்றைக் கேளுங்கள்:

1. இப்போது என் வண்டிக்கு எத்தனை குதிரைத்திறன்? அளந்தீர்களா?

2. மாற்றிய பிறகு எத்தனை வரும்? ஒரே இயந்திரத்தில், ஒரே நாளில் அளந்து காட்டுவீர்களா?

3. எந்தச் சுற்றில் கூடும்? நான் ஓட்டும் வேகத்தில் கூடுமா?

4. இது சட்டப்படி சரியா? ரசீதில் எழுதித் தருவீர்களா?

விடை சொல்லத் தயங்கினால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஈக்கோ வண்டிக்குப் பெட்ரோலில் 81 குதிரைத்திறன். காஸில் 72. எத்தனை குறைகிறது? நூற்றுக்கு எத்தனை?

விடை: 9 குறைகிறது. 9ஐ 81ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால், நூற்றுக்குச் சுமார் 11.