பூனை முடியும் தொழுகை விரிப்பும்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் செல்வோர் பெரம்பலூருக்கு வடக்கே ரஞ்சன்குடிக் கோட்டையைக் கண்டிருப்பீர்கள். அதைச் சுற்றிலும் மக்காச்சோளம் விளையும் பூமி. தானியம் சேரும் வீட்டில் எலி சேரும். எலி சேர்ந்தால் பூனையும் வந்துவிடும். நம் வீட்டுப் பூனைகளுக்குக் குட்டை முடிதான். ஆயினும் கோடையில் அவை உதிர்க்கும் முடிக்கு அளவே இல்லை. பாயிலும் தலையணையிலும் ஒட்டிய முடி கடைசியில் முஸல்லாவுக்கும் வந்து சேர்கிறது.

பூனை அசுத்தமானதன்று, நம்மைச் சுற்றி வரும் பிராணிகளில் ஒன்று என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியதை ஹள்ரத் அபூ கதாதா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். தாம் ஒளூச் செய்ய வைத்திருந்த நீரையே பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தவர்கள் அவர்கள்! ஆனால் உதிர்ந்த முடியின் சட்டம் வேறு. ஹனஃபி மத்ஹபில் அது சுத்தமானது. ஷாஃபிஈ மத்ஹபிலோ நஜீஸ், சிறிதளவே மன்னிக்கப்படும். ஆகவே முடியை உதிருமுன்பே வாரி எடுத்துவிடுவது நல்லது.

எந்தத் தூரிகையால் வாருவது? குட்டை முடிக்கு ஏற்றது மென்மையான ரப்பர்ப் பற்கள் கொண்ட தூரிகையே. தளர்ந்த முடி அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தோலில் கீறல் விழாது. கம்பிப் பற்கள் அடர்ந்த தூரிகை நீளமுடிப் பூனைக்கானது. கத்தி போன்ற உலோகப் பட்டை வைத்த கருவியை அழுத்தி இழுத்தால் நல்ல முடியும் அறுபடும். தெள்ளுப் பூச்சி இருந்தால் மட்டும் நெருக்கப் பல் சீப்பு ஒன்று தேவைப்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘இயற்கை முடித் தூரிகை’ என்று விற்கப்படுபவற்றில் பல பன்றியின் முடியால் செய்யப்பட்டவை. பளபளப்பைக் கண்டு வாங்கிவிடாதீர்கள். அட்டையில் எழுதியிருப்பதைப் படியுங்கள், கடைக்காரரிடமும் கேளுங்கள். வாங்கி வைத்திருப்பதில் ஐயம் வந்தால் ஓர் இழையைப் பிடுங்கி நெருப்பில் காட்டுங்கள். நைலான் உருகி உருண்டையாகும். விலங்கின் முடியானால் கருகி நாறும், தொட்டால் பொடிந்துபோகும். எந்த விலங்கு என்பதை நெருப்பு சொல்லாதே! ஐயமுள்ளதை விட்டுவிடுங்கள்.

வாரத்தில் இரண்டு முறையும், கோடையில் தினமும் முற்றத்தில் வைத்து, முடி படிந்திருக்கும் போக்கிலேயே வாருங்கள். வயிற்றையும் வாலையும் தொட்டால் பல பூனைகளுக்குக் கோபம் வரும். அவற்றைக் கடைசிக்கு வையுங்கள். ரப்பர்த் தூரிகை கிடைக்காத நாளில் ஈரக் கையால் தடவிவிட்டாலே போதும், உள்ளங்கை நிறைய முடி வரும். பூனை தன்னை நக்கும்போது விழுங்கும் முடியும், அது உருண்டு வாந்தியாக வெளிவருவதும் இதனால் குறையும்.

வட்டமாக முடி கொட்டிச் செதில் தெரிந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், குழந்தைகளுக்கும் தொற்றும். அப்போது தூரிகையை வைத்துவிட்டுப் பூனையைக் கூடையில் இட்டுக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.