ஒரே ஆல்பத்துக்கு இரண்டு முறை பணம்

பெரிய ரெக்கார்டு கம்பெனி ஓர் இசைக்குழுவுக்குக் கொடுக்கும் பணம் அட்வான்ஸ்தான். குழுவுக்குச் சேரவேண்டிய ராயல்டியிலிருந்து முதலில் அதைக் கழித்துக்கொள்வார்கள். கடன் தீர்ந்த பிறகும் மாஸ்டர் பதிவு பெரும்பாலும் கம்பெனிக்கே சொந்தம். ஆல்பத்தை வெளியிடுவதா, பூட்டி வைப்பதா என்பதும் அவர்கள் முடிவுதான். இந்த ஏற்பாடு எங்கெல்லாம் கொண்டுபோய் விடும் என்பதை சிகாகோவின் வில்கோ குழுவிடம் கேட்கலாம்.

அங்கிள் டுபெலோ குழு 1994-இல் உடைந்ததும் ஜெஃப் ட்வீடி தொடங்கிய குழு இது. வார்னர் குடும்பத்து லேபிளான ரிப்ரைஸில் 1995 முதல் 1999 வரை மூன்று ஆல்பங்கள். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விற்பனைதான் சுமார். இரண்டாவதான 'பீயிங் தேர்' இரட்டை ஆல்பம். அதைக் குறைந்த விலையில் விற்க வைப்பதற்காகத் தங்கள் ராயல்டியில் ஒரு பங்கையே விட்டுக்கொடுத்தார்கள்.

நான்காவது, 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்'. சிகாகோவில் தங்கள் சொந்த இடத்திலேயே பதிவு செய்தார்கள். நாட்டுப்புற மெட்டில் கட்டிய பாடல்களின் மேல் இரைச்சலும், சிற்றலை வானொலியில் எழுத்துகளை உச்சரிக்கும் ஒரு மர்மப் பெண்குரலும் படர்ந்திருக்கும். தலைப்பே அந்தக் குரல் சொன்னதுதான். ஜிம் ஓ'ரூர்க் மிக்ஸிங் செய்தார். வேலை முடிவதற்குள் டிரம்மர் மாறினார். முடிந்ததும் குழுவிலிருந்து ஜே பென்னட்டும் விலகினார்.

2001 ஜனவரியில் டைம் வார்னரும் ஏஓஎல்லும் இணைந்தன. ஆட்குறைப்பு தொடங்கியது. குழுவுக்கு ஆதரவாக இருந்த ரிப்ரைஸ் தலைவர் ஹோவி க்ளைன் வெளியேறினார். மிஞ்சியவர்களின் காதுக்கு வானொலியில் ஓடக்கூடிய பாட்டு ஒன்றும் அகப்படவில்லை. மாற்றச் சொன்னார்கள், குழு மறுத்தது. கம்பெனி கைகழுவியது, மாஸ்டரையும் கொடுத்தனுப்பியது. அப்போது சாம் ஜோன்ஸ் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்ததால், குழு தவித்த நாட்கள் கேமராவிலும் பதிவாகின.

2001 செப்டம்பரில் முழு ஆல்பத்தையும் தங்கள் இணையதளத்தில் இலவசமாகக் கேட்க விட்டார்கள். பிறகு நான்சச் லேபிள் ஒப்பந்தம் போட்டது. இதுதான் வேடிக்கை: நான்சச்சும் அதே ஏஓஎல் டைம் வார்னரின் லேபிள்தான்! ஒரே முதலாளி ஒரே ஆல்பத்துக்கு இரண்டு முறை பணம் கொடுத்தார்.

ரிப்ரைஸுக்கு இசை தெரியாது என்று திட்டுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹிட் பாட்டுகளை நம்பி ஓடும் லேபிளுக்கு இந்த ஆல்பம் நஷ்டக் கணக்காகத் தெரிந்திருக்கும். செவ்வியல் இசை வெளியிட்டுப் பழகிய சிறிய நான்சச்சுக்கு அத்தனை பெரிய விற்பனை தேவையில்லை. வித்தியாசம் ரசனையைவிடக் கணக்குப் புத்தகத்தில்தான் அதிகம்.

2002 ஏப்ரல் 23-இல் ஆல்பம் வெளிவந்தது. பில்போர்டு பட்டியலில் 13-ஆம் இடம். அமெரிக்காவில் விற்பனை 5 லட்சத்தைத் தாண்டியது. அடுத்த ஆல்பமான 'எ கோஸ்ட் இஸ் பார்ன்' 2005-இல் கிராமி வென்றது. 2011-இல் 'தி ஹோல் லவ்' வெளியானபோது, உறையில் இருந்தது குழுவின் சொந்த லேபிளான டிபிபிஎம்.