சென்னைக்கு ஒண்ணே கால் மணி நேரமா?



“மதுரையிலிருந்து ஃபிளைட்டுல ஏறினா ஒண்ணே கால் மணி நேரத்துல சென்னையாமே?” என்று நம் குழுக்களில் அடிக்கடி பேச்சு வருகிறது. பிள்ளைகள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போதும், சென்னை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வரும்போதும் இந்தக் கணக்கை நம்பித்தான் கடன் கேட்கிறோம். அதனால் கணக்கைச் சரியாகப் பார்த்துவிடுவோம்.

மதுரை விமான நிலையத்துக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் ஆகாயத்தில் நேர்கோட்டில் அளந்தால் சுமார் 420 கிலோமீட்டர். ரயில் பாதை திருச்சி, விழுப்புரம் என்று வளைந்து போவதால் 490 கிலோமீட்டருக்கும் மேல். இதில் ஒரு வேடிக்கை, மதுரைக்குச் சென்னையைவிடக் கொழும்பு கிட்ட! நேர்கோட்டில் சுமார் 350 கிலோமீட்டர்தான்.

இந்த மாதிரி குறைந்த தூரத்துக்கு ஓடும் ஏ.டி.ஆர். என்ற விசிறி வைத்த சின்ன விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் போகும். 420ஐ 500ஆல் வகுத்தால் 50 நிமிஷம். பிறகு ஏன் டிக்கெட்டில் ஒண்ணே கால் மணி என்று போடுகிறார்கள்? விமானம் நின்ற இடத்திலிருந்து நகர ஆரம்பித்து, சென்னையில் போய் நிற்கும் வரைக்கும் உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு உருண்டு போவது, மேலே ஏறுவது, இறங்க முறைக்குக் காத்து வட்டமடிப்பது எல்லாம் அதில் சேர்ந்துவிடும். பெரிய ஜெட் விமானம் இன்னும் வேகம்தான். ஆனால் முழு வேகம் பிடிப்பதற்குள் இறங்கும் நேரம் வந்துவிடும், பெரிசாக மிச்சம் வராது.

இனி நம் ஊர்க் கணக்கு. வன்னியம்பட்டியிலிருந்து கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக விமான நிலையம் சுமார் 80 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். பெட்டி போடும் கவுண்டரை விமானம் புறப்பட ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிவிடுவார்கள். அதனால் இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்விடணும். 10 மணி விமானம் என்றால் காலை 6 மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பணும். 11.15க்கு இறங்கி, பெட்டியை எடுத்து, எழும்பூர் போய்ச் சேர மதியம் 12.45 ஆகிவிடும். ஆக மொத்தம் ஆறே முக்கால் மணி நேரம்!

பொதிகை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிப் படுத்தால் விடியும்போது சென்னை. நேரம் கூடத்தான், ஆனால் அது தூங்குகிற நேரம். சாதாரணப் பயணத்துக்குக் குழுவில் கடன் வாங்கி ஃபிளைட் டிக்கெட் போடுவது வேண்டாம் என்பேன். துக்க வீடு, அவசர சிகிச்சை என்றால் பணத்தைப் பார்க்க முடியாது. நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள்.

முக்கியமாக ஒன்று. மகனை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது மதுரை–சென்னைக்கு ஒரு டிக்கெட்டும், அங்கிருந்து வேறு கம்பெனியில் இன்னொரு டிக்கெட்டுமாகத் தனித்தனியே போடாதீர்கள். முதல் விமானம் மழையால் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்காரன் காத்திருக்க மாட்டான். பணமும் பெரும்பாலும் திரும்பாது. முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட்டாகக் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்கவில்லையென்றால், முந்தின ராத்திரியே ரயில் ஏற்றிவிடுங்கள்.