சிமியோன் அருங்காட்சியகம்

சிமியோன் அறக்கட்டளை வாகன அருங்காட்சியகம் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், விமான நிலையத்துக்கு அருகில் உள்ளது. மருத்துவர் ஒருவர் பல பத்தாண்டுகளாகச் சேர்த்த பந்தயக் கார்கள் இங்கே வைக்கப்பட்டுள்ளன. 2008-இல் இது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பழைய கார் ஆர்வலர் கழகங்கள் குழுவாக வந்து பார்க்கும் இடமாகவும் இது விளங்குகிறது. கார்களைப் புதுப்பிக்காமல் உள்ளபடியே காப்பதும், அவற்றை ஓட்டிக் காட்டுவதும் இதன் இரண்டு சிறப்புகள்.

தோற்றம்

இதை நிறுவிய பிரெடெரிக் சிமியோன் (1936–2022) நரம்பியல் அறுவை மருத்துவர். அவருடைய தந்தையும் மருத்துவரே. கார்கள் மீது பற்றுள்ளவர். தந்தை விட்டுச் சென்ற நான்கு கார்களிலிருந்து தொகுப்பு வளர்ந்தது. கண்ணில் பட்ட எல்லாக் காரையும் சிமியோன் வாங்கவில்லை. பந்தயத்துக்காக உருவாக்கப்பட்ட விளையாட்டுக் கார்களையே தேடினார். கார்களை மேம்படுத்தியது போட்டிதான் என்பது அவர் கருத்து.

தொகுப்பு

கார்கள் அவை ஓடிய பந்தயங்களை ஒட்டி வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. பிரான்சின் லெ மான், இத்தாலியின் மில்லே மிலியா, சிசிலித் தீவின் டார்கா ஃபுளோரியோ ஆகிய களங்கள் பின்னணிக் காட்சிகளாக அமைக்கப்பட்டுள்ளன. அதனால் ஒரு கார் ஏன் அந்த வடிவில் செய்யப்பட்டது என்பது பார்ப்பவருக்கு எளிதில் விளங்கும். நீண்ட நேர்ச்சாலைகள் கொண்ட லெ மானுக்குக் காற்றுத் தடையைக் குறைக்கும் உடல் தேவை. மலைப்பாதையில் நடந்த டார்கா ஃபுளோரியோவுக்கு வளைவுகளில் எளிதாகத் திரும்பும் இலகுவான கார் தேவை. ஆல்ஃபா ரோமியோ, பென்ட்லி, ஜாகுவார், ஃபெராரி, போர்ஷே ஆகிய நிறுவனங்களின் கார்கள் இங்குள்ளன.

டேடோனா கூப்பே

தொகுப்பில் பெரிதும் பேசப்படுவது 1964-இல் உருவான ஷெல்பி கோப்ரா டேடோனா கூப்பே. கூரையில்லாத கோப்ரா காரில் ஆற்றல் மிக்க ஃபோர்டு எட்டு உருளை எஞ்சின் இருந்தது. எனினும் நேர்ச்சாலைகளில் காற்றுத் தடையால் அது ஃபெராரியிடம் பின்தங்கியது. இதைச் சரிசெய்யப் பீட்டர் பிராக் என்ற இளம் வடிவமைப்பாளர், சரிந்த கூரையும் வெட்டியது போன்ற பின்புறமும் கொண்ட மூடிய உடலை வடிவமைத்தார். மொத்தம் ஆறு கார்களே செய்யப்பட்டன. 1965-இல் உலக ஜி.டி. பந்தயப் பட்டத்தை ஷெல்பி அணி வென்றது. அமெரிக்கத் தயாரிப்பாளர் ஒருவர் அப்பட்டத்தைப் பெற்றது அதுவே முதல் முறை.

அந்த ஆறில் முதலாவதாகச் செய்யப்பட்ட கார்தான் இங்கு உள்ளது. பந்தய வாழ்க்கை முடிந்தபின் அது கைமாறி, கலிபோர்னியாவில் ஒரு கிடங்கில் பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 2001-இல் சிமியோனிடம் வந்து சேர்ந்தது. அவர் அதற்குப் புதுவண்ணம் பூசவில்லை. பழைய தழும்புகளோடு வைத்துக்கொண்டார். 2014-இல் அமெரிக்கத் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் முதல் காராக அது இடம்பெற்றது.

ஏன் ஓட்டுகிறார்கள்?

பந்தயக் காரை அசையாமல் நிறுத்தினால் அது பத்திரமாக இருக்கும் என்று தோன்றும். உண்மை வேறு. எண்ணெய் வடிந்து எஞ்சின் பாகங்கள் காய்கின்றன. பழைய பெட்ரோல் பிசினாகிக் குழாய்களை அடைக்கிறது. பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சித் துருவுக்கு வழி செய்கிறது. ரப்பர் வளையங்கள் சுருங்குகின்றன. ஆகவே குறிப்பிட்ட சனிக்கிழமைகளில் சில கார்களை, அவற்றின் வரலாற்றை விளக்கிய பின், அருங்காட்சியகத்தின் பின்புறமுள்ள சுமார் மூன்று ஏக்கர் திடலில் ஓட்டிக் காட்டுகிறார்கள். நூல்களில் மட்டும் படித்த எஞ்சின் ஒலியைப் பார்வையாளர்கள் அன்று நேரில் கேட்கலாம்.

ஓட்டுவதிலும் இழப்பு உண்டு. தேய்ந்த பாகத்தை மாற்றும்போது அசல் உலோகத்தில் ஒரு பகுதி போய்விடுகிறது. அதனால்தான் இங்கே வேகப் போட்டி இல்லை. குறைந்த தூரமே ஓட்டுகிறார்கள்.

புதுப்பிப்பதா, காப்பதா?

பழைய காரைப் புதிதுபோல் பளபளப்பாக்குவது சேகரிப்பாளரிடையே நெடுநாள் வழக்கம். சிமியோன் இதற்கு மாறாக நின்றார். தகட்டின் நெளிவு, கையால் எழுதிய பந்தய எண், அவசரமாகப் போட்ட பற்றவைப்பு ஆகியவை வரலாற்றுச் சான்றுகள். ஒருமுறை அழித்துவிட்டால் அவற்றை மீட்க முடியாது. பழைய ஆவணத்தின் எழுத்துகளை அழித்துவிட்டு அழகிய கையெழுத்தில் மீண்டும் எழுதுவதைப் போன்றது அது.

தனியார் தொகுப்புகளுக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. இங்கிலாந்தில் டாம் வீட்கிராஃப்ட் 1973-இல் திறந்த டோனிங்டன் கிராண்ட் பிரீ கார்த் தொகுப்பு, அவர் 2009-இல் மறைந்தபின் 2018-இல் மூடப்பட்டது. சிமியோன் தம் வாழ்நாளிலேயே கார்களை அறக்கட்டளையின் பொறுப்பில் வைத்தார். அவர் மறைந்த பின்னும் கார்கள் பிரியாமல் ஒரே கூரையின்கீழ் இருக்க அந்த ஏற்பாடே காரணம்.